யந்திரம் நம்முடையது, சாவி யாரிடம்?

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தாய் விடிந்தது முதல் கொழுந்து பறிக்கிறாள். மகளிடம் சர்க்கார் கொடுத்த பழைய இலவச லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் நத்தையாக ஊர்கிறது. லினக்ஸை ஏற்றினால் யந்திரம் சுறுசுறுப்பாகிவிடும். ஆனால் வைஃபை கிடைக்காமல் போகலாம்! ஏன்? வைஃபை சில்லை இயக்கும் ‘டிரைவர்’ என்ற நிரலை லினக்ஸுக்குத் தராமல் கம்பெனி பூட்டி வைத்திருந்தால் அதுதான் கதி.

இது யாருடைய பணம், தோழர்களே? 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான லேப்டாப்களை எல்காட் மூலம் மக்கள் பணத்தில் வாங்கினார்கள். ஆரம்பத்தில் வந்த விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. யந்திரம் சாகவில்லை, சாகும் நாளைக் கம்பெனி குறித்தது. பல யந்திரங்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படிப்பட்டதுதான் இந்தப் பழைய யந்திரங்களுக்கு உயிர் கொடுக்க முடியும். அதற்கும் டிரைவர் வேண்டுமே!

இந்தச் சண்டை புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெராக்ஸ் பிரிண்டர் ஒன்றில் காகிதம் சிக்கியபடி இருந்தது. அதைச் சமாளிக்க, பிரிண்டரை இயக்கும் நிரலின் மூலத்தைக் கேட்டார் ரிச்சர்ட் ஸ்டால்மன். கிடைக்கவில்லை. 1983-ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம்.

பூட்டிய நிரல் ஒரு துளியும் கூடாது என்கிறார்கள் சில நண்பர்கள். கொள்கை நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் நாளைக்குப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட வேண்டும். கொள்கையைக் காட்டி அவளை இண்டர்நெட் இல்லாமல் உட்கார வைப்பது நியாயமா? பாஸுக்கு அடித்தளமான டெபியன் தொண்டர்களும் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தேவையான பூட்டிய ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டில் சேர்ப்பதென்று 2022-ல் முடிவாயிற்று. 2023-ல் வந்த டெபியன் 12-ல் அது நடைமுறைக்கு வந்தது. சரியான முடிவு என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் அது சரணாகதி!

ஊட்டி இந்துநகர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பொதுத்துறை ஆலைதான். இருந்தும் வர்ணப் பிலிமை வெளிநாட்டிலிருந்து பெரிய சுருளாகத் தருவித்து, வெட்டி, டப்பாவில் அடைத்து விற்கும் நிலை அங்கே இருந்தது. ஆலை நம்முடையது, சூத்திரம் வேறொருவனுடையது. (ஆலை மூடியதற்குக் கடனும் டிஜிட்டல் கேமராவும் காரணமில்லையா என்பீர்கள். உண்டு. ஆனால் இரவல் சூத்திரக்காரன் புதுப் பாதையில் போவது கடினம்.)

ஒற்றை ஆள் கடைக்குப் போய் மூல நிரலைக் கேட்டால் கடைக்காரன் சிரிப்பான். லட்சக்கணக்கில் வாங்கும் சர்க்கார் கேட்டால் சிரிக்க முடியுமா? கூடலூரைத் தாண்டினால் வயநாடு. கேரளத்தின் சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. அங்கே விற்க வருபவன் லினக்ஸில் ஓடும் யந்திரத்தோடுதான் வர வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் அசையத்தான் செய்கின்றன. பல காலம் பிடிவாதமாக இருந்த என்விடியா 2022 மே மாதம் தன் லினக்ஸ் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்தது. ஃபர்ம்வேர் இன்னும் பூட்டியேதான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நாம் கேட்பது ஒரே ஒரு வரி: ‘லினக்ஸின் பொதுக் கெர்னலில் திறந்த டிரைவர் உள்ள வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகள் கொண்ட யந்திரமே ஏற்கப்படும்.’ அடுத்த டெண்டரில் அதை எழுதுவார்களா? எல்காட் பதில் சொல்லட்டும்.