ஸ்கேன் பண்ணியாச்சு, படிக்கிறது எப்போ?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்த மேட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நான் படிச்ச லட்சணத்தைச் சொல்லிடறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதற வேலை. வீட்ல புத்தக அலமாரின்னு ஒண்ணு கிடையாது. பேப்பர், பஞ்சாங்கம், அக்கா வாங்கிப் போட்ட டிஎன்பிஎஸ்சி கைடு, அவ்வளவுதான் எங்க வீட்டு நூலகம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்னா மனப்பாடச் செய்யுள். அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங், அதுல அதுவும் போச்சு.

கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி போற வழியில இடைசெவல்னு ஒரு ஊர் வரும். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரங்க, ரெண்டு பேரும் 1923ல பிறந்தவங்க, ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி விருது (கி.ரா.வுக்கு 1991ல, அழகிரிசாமிக்கு அவர் இறந்துபோன 1970க்கு). அந்த ஊரை பஸ்ல எத்தனை தடவை தாண்டியிருப்பேன்னு கணக்கே இல்லை. ஆனா இந்த விஷயம் எனக்குத் தெரிஞ்சது எங்க தெரியுமா? பெங்களூர்ல, சில்க் போர்டு சிக்னல்ல அசையாம நின்ன கம்பெனி பஸ்ல, செல்போன் திரையில. பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் சொல்லலை. செல்போன் சொல்லிச்சு.

நிற்க. "இணையம் வாழ்க, செல்போன் வாழ்க"ன்னு கோஷம் போடறதுக்காக இதை எழுதலை. நான் படிக்க ஆரம்பிச்ச கதையைத் திரும்பிப் பார்த்தா ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. என்னைப் படிக்க வச்சது எல்லாமே யாரோ ஒரு மனுஷன் உக்காந்து எழுத்து எழுத்தா தட்டச்சு பண்ணி வச்சது. படம் பிடிச்சுப் போட்டது இல்லை.

மதுரைத் திட்டம் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம், அமெரிக்காவுல இருந்த குமார் மல்லிகார்ஜுனன், ரெண்டு பேரும் முன்னால நின்னு நடத்தினாங்க. அரசாங்கக் காசு கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஒவ்வொரு நாட்டுலயும் வேலை முடிச்சு வீட்டுக்கு வந்தவங்க ராத்திரி உக்காந்து சங்கப் பாட்டையும் கம்பனையும் அடிச்சிருக்காங்க. அந்தக் கோப்புகளைத் திறந்தா எனக்கு ரொம்பப் பிடிச்சது மேல இருக்கற நாலு வரி: இதைத் தட்டச்சு பண்ணினவர் இன்னார், மெய்ப்பு பார்த்தவர் இன்னார். அப்பல்லாம் யுனிகோட் நடைமுறைக்கு வரலை. முதல்ல ஒரு எழுத்துரு, அப்புறம் டிஸ்கி, அப்புறம் யுனிகோட்னு அத்தனையையும் மாத்தி மாத்திக் கொண்டு வந்து சேர்த்திருக்காங்க. டேட்டா மைக்ரேஷன்னா என்ன பாடுன்னு எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். சம்பளம் வாங்கிட்டுப் பண்றப்பவே நாங்க புலம்புவோம் :-)

உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' நான் அங்கதான் படிச்சேன். தடிப் புத்தகம். போன்ல, எழுத்தைப் பெருசாக்கி, பஸ்ல போற வர்ற நேரத்துல மட்டுமே படிச்சு மூணு மாசத்துல முடிச்சேன்.

சரி, இப்ப பிரச்சனைக்கு வருவோம்.

எங்க ஆபீஸ்ல பக்கத்து டீம்ல ஒரு நண்பன். பாளையங்கோட்டைக்காரன். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரைவாசிப்பான் மென்பொருளை வச்சு கோட் எழுதுவான். அது பேசற வேகத்துக்கு நமக்கு ஒரு வார்த்தையும் புரியாது, அவனுக்கு அது நிதானம். படிப்புப் பைத்தியம். ஒருநாள் பழைய பயணக் கட்டுரைப் புத்தகம் ஒண்ணைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். நாட்டுடைமை ஆனது, மின்னூலகத்துல இலவசமாவே கிடைக்குது. சுட்டியை அனுப்பினேன். பத்து நிமிஷம் கழிச்சு சீட்டுக்கே வந்துட்டான்.

"ஏல, இது புஸ்தகம் இல்லல. போட்டோ ஆல்பம்."

இருநூத்திச் சொச்சம் பக்கம், அத்தனையும் படம். அவனோட மென்பொருளுக்கு அது இருநூறு வெத்துத் தாள். ஓசிஆர் போட்டுப் பார்த்தோம். 1978க்கு முன்னால அச்சான புத்தகம், அதனால பழைய லை, னை, றா எல்லாம் வருது. யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சுட்டு நிக்குமே, அதேதான். மென்பொருள் அதைப் பார்த்து என்னென்னவோ உளறுது. மங்கின இடத்துல 'கால்' எது 'ர' எதுன்னு அதுக்குத் தெரியலை. அந்த உளறலைப் படிக்கச் சொல்லிக் கேட்டா சிரிப்புதான் வருது. அவன் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரலை.

இப்ப சொல்லுங்க. நாட்டுடைமைன்னா என்ன? ஆசிரியரோட வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுத்துடுது, அதுக்கப்புறம் அந்த எழுத்து எல்லாருக்கும் பொது. கொடுக்கற காசு நம்ம வரிப்பணம், அதுல அவன் கட்டற வரியும் இருக்கு. எல்லாருக்கும் பொதுவான புத்தகத்தை அவன் மட்டும் படிக்க முடியலை. சட்டம் கூட அவன் பக்கம்தான். பார்வையில்லாதவங்களுக்காக நூல்களை மாத்திக் கொடுக்கலாம்னு 2012லயே நம்ம காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாச்சு. அதே விஷயத்துக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014ல உலகத்துலயே முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியா. சட்டம் கதவைத் திறந்து வச்சிருக்கு. உள்ள போனா வெத்துத் தாள்.

பார்வை இருக்கற நமக்கு மட்டும் என்ன வாழுது? போன்ல ஒரு ஸ்கேன் புத்தகத்தைப் படிச்சுப் பாருங்க. ஒரு வரிக்கு இடமும் வலமும் நகர்த்தணும். ஒரு வார்த்தையைத் தேட முடியாது. கூகுள்ல ஒரு ஊர் பேரைப் போட்டுத் தேடினா, அந்த ஊரைப் பத்தி பத்துப் பக்கம் இருக்கற பழைய புத்தகம் பெரும்பாலும் வராது. இருக்கறதே தெரியாத புத்தகத்தை யார் போய் எடுப்பா? என்னை மாதிரி அலமாரி இல்லாத வீட்ல வளர்ந்தவனுக்கு தேடினா கிடைக்கறதுதான் புத்தகம். வீட்ல "இதைப் படிடா"ன்னு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

இதுல இன்னொரு ரகம் இருக்கு, அது இதைவிடக் கொடுமை. கம்ப்யூட்டர்ல அடிச்ச புத்தகம்தான், பிடிஎஃப்பா கிடைக்குது. ஆனா பழைய பாமினி மாதிரி எழுத்துருல அடிச்சது. கண்ணுக்கு அழகான தமிழ். காப்பி பண்ணி ஒட்டினா அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரபூர்வமா அறிவிச்சது 2010ல. அதுக்கு அப்புறமும் இந்தக் கூத்து நின்னபாடில்லை.

"தம்பி, தாள் மட்கிட்டு இருக்கு, முதல்ல படம் பிடிச்சுக் காப்பாத்தணும், அப்புறம் பார்க்கலாம்"னு சொல்றவங்க இருக்காங்க. நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு சாதாரண பெயின்டர், சேத்து வச்சது அம்பதாயிரம் புத்தகங்களும் பத்திரிகைகளும். 1992ல அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி சென்னையிலேயே நூலகமா ஆக்கினதால அது பிழைச்சுது. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சப்போ சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போச்சு. அதுல வேற எங்கயும் பிரதியே இல்லாததும் உண்டு. 2005ல ஈழத்து நூல்களை மின்னாக்கம் பண்ண நூலகம் திட்டம் கிளம்பினதுக்குப் பின்னால அந்த நெருப்பு இருக்கு. அவங்களைப் போய் "ஏன் படமாப் போட்டீங்க"ன்னு கேட்டா என்னை மாதிரி முட்டாள் கிடையாது. அங்க ஸ்கேன்னா உயிர் காக்கற வேலை.

என் சண்டை ஸ்கேன் பண்றதோட இல்லை. ஸ்கேன் முடிஞ்ச உடனே "மின்னூல் ஆச்சு"ன்னு கணக்குல எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போறதோட.

உ.வே.சா.வையே எடுத்துக்குங்க. 1880ல கும்பகோணத்துல சேலம் இராமசாமி முதலியார் அவர்கிட்ட "சிந்தாமணி படிச்சிருக்கீங்களா"ன்னு கேட்ட கதை தெரிஞ்சதுதான். 1887ல சீவகசிந்தாமணி அச்சுல வருது. நடுவுல ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் மனுஷன் ஓலை தேடினதோட நிக்கலை. ஓலையில புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். (நம்ம ஓசிஆர் இன்னைக்கும் அதே இடத்துலதான் முட்டிக்குது, கவனிச்சீங்களா?) பல பிரதிகளை ஒப்பிட்டு, இது இந்த எழுத்துதான்னு முடிவு பண்ணி, பாடபேதம் குறிச்சார். பின்னால வந்த பதிப்புகள்ல அரும்பத அகராதி போட்டார். ஒரு வார்த்தை எந்தப் பாட்டுல வருதுன்னு படிக்கறவன் தேடி எடுக்கறதுக்கு! நூறு வருஷத்துக்கு முந்தின சர்ச் வசதி அது. ஓலைகளை வரிசையா அடுக்கி படம் எடுத்து அட்டை போட்டு வித்திருந்தாருன்னு வச்சுக்குங்க. சிந்தாமணி பத்திரமா இருந்திருக்கும். யார் படிச்சிருப்பா?

அப்ப என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தமிழ் விக்கிமூலத்துல நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேல ஏத்தி வச்சிருக்காங்க. தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்தது. ஒரு பக்கம் ஸ்கேன் படம், பக்கத்துல ஓசிஆர் எடுத்த எழுத்து. ஒப்பிட்டுத் திருத்தணும். யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருத்தர் திருத்தினா மஞ்சள், இன்னொருத்தர் சரிபார்த்தா பச்சை. சுத்தமான ப்ளோ. எங்க ஆபீஸ் கோட் ரிவ்யூவை விட ஒழுங்கா நடக்குது. பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான், எங்க பார்த்தாலும் சிவப்பு.

எனக்கு ஒரு பக்கத்துக்கு பத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம் ஆகுது. இருநூறு பக்கப் புத்தகம்னா சுமார் நாப்பது மணி நேரம், அதாவது ஒரு வார ஆபீஸ் வேலை. ஒரு ஆள் பண்ணினா மலை. கல்லூரித் தமிழ்த் துறைகள்ல ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு மாணவருக்கு ஒரு புத்தகம்னு கொடுத்தா? மெய்ப்பு பார்க்கவும் கத்துக்குவாங்க, ஒரு புத்தகத்தை வரி விடாமப் படிச்ச மாதிரியும் ஆச்சு. ஏற்கெனவே நூறு பேர் எழுதின தலைப்புல நூத்தியோராவது ஆய்வேடு எழுதறதுக்கு இது எவ்வளவோ மேல். அரசாங்கம் நாட்டுடைமை அறிவிப்பு கொடுக்கும்போதே, திருத்தின யுனிகோட் எழுத்து வடிவம் இந்த வருஷத்துக்குள்ள வரும்னு ஒரு வரி சேர்த்தா இன்னும் நல்லது. தலைவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மண்டபம் கட்டறோம், சிலை வைக்கறோம், வேண்டாங்கலை. கி.ரா.வுக்கு எங்க ஊர்லயே 2022ல நினைவரங்கம் திறந்தாங்க, எனக்கும் பெருமைதான். ஆனா சிலைக்கு ஆகற செலவுல எத்தனை பக்கம் பச்சை ஆகும்னு என் இன்ஜினியர் மூளை கணக்குப் போட்டுட்டே இருக்கு, என்ன பண்ண.

நடுவுல ஒண்ணு. இதைப் படிச்சுட்டு "எங்கிட்ட எல்லா எழுத்தாளரோட பிடிஎஃப்பும் இருக்கு, வேணுமா தல"ன்னு டெலிகிராம்ல வராதீங்க. உயிரோட இருக்கற எழுத்தாளர், கடையில விக்கற புத்தகம், இதை ஓசியில சுத்த விடறதுக்குப் பேர் திருட்டு. ஆயிரம் ரூபாய்க்கு பிரியாணி ஆர்டர் பண்ற கைக்கு இருநூறு ரூபாய் புத்தகம் கனக்குதாம். நான் பேசறது சட்டப்படி நமக்கே நமக்குன்னு ஆன புத்தகங்களைப் பத்தி மட்டும்.

அந்தப் பயணக் கட்டுரைப் புத்தகத்தைத்தான் இப்ப நானும் இன்னும் ரெண்டு நண்பர்களும் சேர்ந்து அடிச்சிட்டு இருக்கோம். 64 பக்கம் முடிஞ்சிருக்கு. ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்சதும் பாளையங்கோட்டைக்காரனுக்குப் போகுது. அவன்தான் எங்க டெஸ்டர். கண்ணால பார்த்துத் திருத்தற எங்களுக்குத் தப்பிச்ச பிழையெல்லாம் காதால பிடிக்கறான். போன வாரம் அனுப்பின அத்தியாயத்துக்கு பதினோரு பிழை போட்டு அனுப்பியிருக்கான், அதுல நாலு 'கால்' விட்டுப்போனது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கப்பல் ஏடன் வந்து சேந்தாச்சு. அடுத்த அத்தியாயம் எங்கல?"