பெட்டி, வயர், மாமனார்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் மாமனார் என்னிடம் யோசனை கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் அவருக்காக இல்லை.

"வாசு கம்ப்யூட்டர் வாங்கணுங்கறான் மாப்பிள்ளை. நீங்க பார்த்து ஒண்ணு சொல்லுங்க."

சந்தர்ப்பத்தை நழுவ விடலாமா? சொன்னேன். விவரமாகவே சொன்னேன்.

வாசு என் மச்சினன். கல்யாண வீடியோ, குறும்படம், ஜவுளிக்கடை விளம்பரம் என்று எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பையன். பைக்குக்காகச் சேர்த்து வைத்த எண்பதாயிரம் கையில். ஒரு பளபளா லேப்டாப்பில் மனசைப் பறிகொடுத்திருந்தான். நான் குறுக்கே விழுந்தேன்.

"லேப்டாப் எதுக்குடா? உள்ளங்கை அகலத்துல மினி பிசி வருது. முப்பத்தெட்டாயிரம். லினக்ஸ் போட்டுடலாம், அதுக்குக் காலணா கிடையாது. கேடென்லைவ்ல எடிட் பண்ணு, அதுவும் ஓசி. மிச்சப் பணத்துல ராஜா மாதிரி மானிட்டர் வாங்கு. இருபத்தேழு இஞ்ச், 4கே, 144 ஹெர்ட்ஸ்."

"144 எதுக்கு மாமா? அது கேம் ஆடற பசங்களுக்குத்தானே?"

நல்ல கேள்வி. சினிமா வினாடிக்கு 24 படம். சாதா மானிட்டர் வினாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. அறுபதை இருபத்துநாலால் வகுத்தால் இரண்டரை. அரைப் படத்தைக் காட்ட முடியாதே! அதனால் ஒரு படத்தை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கிறது. காமிரா மெதுவாக இடமிருந்து வலம் நகரும் காட்சியில் லேசாக நொண்டும். 144-ஐ 24-ஆல் வகுத்தால் சுத்தமாக ஆறு. ஒவ்வொரு படமும் ஆறு தடவை. நொண்டல் காமிராக்காரர் செய்ததா, மானிட்டர் செய்ததா என்று எடிட்டர் குழம்ப வேண்டியதில்லை.

வாசு விழுந்துவிட்டான். மாமனார் மட்டும், "லேப்டாப்னா எல்லாம் ஒண்ணா ஒட்டியே வந்துடும் இல்லையா மாப்பிள்ளை?" என்றார். சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அம்பத்தூரில் மாமனார் வீட்டு ஹால். மாமியார் தட்டில் முறுக்கு. வாசுவிடம் ஏற்கெனவே ஒரு டைப்-சி ஹப் இருந்தது. அதன் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, இன்னொன்றில் மானிட்டரை மாட்டினேன். படம் வந்தது. கைதட்டல்.

எலியை நகர்த்தினேன். அம்புக்குறி, தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி, நின்று நின்று பின்னாலேயே வந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் பட்டியலில் ஒன்றுமே இல்லை.

"144-ன்னீங்களே மாமா?"

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல்தான். 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கி 82,94,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட். வினாடிக்கு 144 தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் 2,867 கோடி பிட். ஒரு வினாடிக்கு! இத்தனையும் ஒரு வயர் வழியாகப் போயாக வேண்டும். வினாடிக்கு எத்தனை கோடி போகும் என்பதுதான் விஷயமே. லினக்ஸா விண்டோஸா என்பதெல்லாம் அப்புறம்.

டைப்-சி வயருக்குள் வேகமான பாதை நாலு ஜோடி. மானிட்டரை நேராக மாட்டினால் நாலும் படத்துக்கே கிடைக்கும். நடுவில் ஹப் வந்து, அது பென் டிரைவுக்கும் வேகமான வழி வேண்டும் என்று கேட்டால், இரண்டு அங்கே போய்விடும். மிச்சம் இரண்டில் வாசுவின் ஹப் தள்ளக்கூடியது 864 கோடி. அதில் 4கே 30-தான் அடங்கும். பாவம், ஹப் மேல் தப்பில்லை. (பெட்டியின் முன்பக்கத்தில் இன்னொரு டைப்-சி ஓட்டை இருந்தது. அதில் மாட்டினால் படமே வரவில்லை. அது வெறும் டேட்டாவுக்கு. ஓட்டை ஒரே மாதிரி இருப்பதால் உள்ளேயும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பினால் அது நம் வெகுளித்தனம்.)

சரி, ஹப்பைத் தூக்கிப் போட்டு நேராக எச்டிஎம்ஐ. 60 வந்தது. அதற்கு மேல் மறுபடி ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் அடியேன் ஒரு காரியம் செய்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து, எக்ஸ்ராண்டர் என்ற கட்டளையைக் கூப்பிட்டு, 144-க்கு நானே ஒரு மோடு தயாரித்து, பலவந்தமாகத் திணித்தேன். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. லினக்ஸ் ஒரே வரியில் பதில் சொன்னது: 'கான்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்டு'. சிஆர்டி என்பது பழைய டப்பா மானிட்டரின் குழாய். அதற்குத் திதி கொடுத்து எத்தனையோ வருஷமாச்சு, பெயர் மட்டும் சாஃப்ட்வேருக்குள் ஆவியாக உலாத்துகிறது. டப்பா காலத்தில் லினக்ஸில் இந்த எண்களை நாமே ஃபைலில் எழுத வேண்டியிருந்தது; தப்பாக எழுதினால் மானிட்டரே போய்விடலாம் என்று எச்சரிக்கை வேறு. இப்போது பரவாயில்லை, மானம் மட்டும்தான் போகிறது.

பெட்டியின் விவரச் சீட்டை அப்போதுதான் படித்தேன். பொடி எழுத்தில், எச்டிஎம்ஐ 2.0. அதாவது வினாடிக்கு 1,440 கோடி பிட். 4கே 60-க்கு, ஓர இடைவெளிகளையும் சேர்த்து 1,425 கோடி. ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆள் ஏறிய மாதிரி கச்சிதமாக ரொம்பிவிட்டது. 144 ஏறவே ஏறாது. வாங்கும் முன்னால் படித்திருக்கலாம். படிக்கவில்லை. வாங்கச் சொன்னது நான்.

"2.1 இருக்கற பெட்டியா வாங்கியிருந்தா?" என்றான் வாசு.

அப்படியும் சொல்லிவிட முடியாது. எச்டிஎம்ஐ 2.1 வெளிவந்தது 2017-ல். 48 கிகாபிட் தாங்கும். ஆனால் அதன் விதிப்புத்தகம் எச்டிஎம்ஐ ஃபோரம் என்ற அமைப்பின் கையில். லினக்ஸின் டிரைவரோ ஊரறிய எழுதுவது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏஎம்டி கம்பெனிக்காரர்கள் 2.1-ஐத் தங்கள் திறந்த டிரைவரில் சேர்க்க அனுமதி கேட்டு முட்டி மோதினார்கள். ஃபோரம் மறுத்துவிட்டது என்று அவர்களுடைய லினக்ஸ் எஞ்சினியரே 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகச் சொன்னார். சிப்புக்குத் தெம்பு இருந்தது, வயருக்கும் இருந்தது, காகிதத்தில் கையெழுத்துதான் இல்லை. இந்தச் சங்கடம் இல்லாத வழி டிஸ்ப்ளேபோர்ட். அதன் விதிகளைப் போடுவது வெசா என்ற வேறொரு அமைப்பு. அங்கே திறந்த டிரைவருக்கு இந்தத் தகராறு இல்லை. லினக்ஸுக்கு மானிட்டர் வாங்குகிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியிலும் ஒரு டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. ஆனால் வயர் இல்லை. என் பையிலிருந்த வயரில் ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட். பெட்டிப் பக்கம் எச்டிஎம்ஐ, மானிட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் என்று மாட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு. அந்த மாதிரி வயர்கள் பெரும்பாலும் ஒன்வே: டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும், எதிர்த்திசையில் வராது. சென்னையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

* * *

திங்கட்கிழமை ஆபீஸில் அரை நாள் லீவு போட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் ஐந்து மீட்டர் வயரை நீட்டி, "எல்லாம் ஓடும் சார்" என்றார். எல்லாம் ஓடும் என்று சொல்கிறவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

சாயங்காலம் மாட்டினால் 60 வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை கண் சிமிட்டி இருண்டது. டிஸ்ப்ளேபோர்ட்டில் படம் வருவதற்கு முன்னால் பெட்டியும் மானிட்டரும் 'இந்த வேகம் கேட்கிறதா? இது கேட்கிறதா?' என்று வயரைச் சோதித்துப் பார்க்கும். லிங்க் ட்ரெயினிங் என்று பெயர். நடுவில் சிக்னல் கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. வயர் நீளமாகவும் மட்டமாகவும் இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தை ஓயவே ஓயாது.

மாமனார் ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்தார். டெலிபோன்ஸில் லைன்மேனாகச் சேர்ந்து போன் இன்ஸ்பெக்டராக ரிடையர் ஆனவர். வயரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளம் எதுக்கு மாப்பிள்ளை? மேஜை நாலடிதானே" என்றார்.

மறுநாள் அதே தெரு. இந்தத் தடவை டிபி8கே முத்திரை போட்டது, இரண்டு மீட்டர். கண் சிமிட்டல் நின்றது. ஆனால் மறுபடியும் 60!

அப்போது வாசு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். போனில் பைக் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி சமையலறையிலிருந்தே, "ஏங்க, பணத்தை நாமளே குடுத்துடலாமா?" என்று கண்ணால் கேட்டாள்.

மானிட்டருக்கு ஒரு ஜாதகம் உண்டு. எடிட் என்பார்கள் (வாசு செய்யும் எடிட் இல்லை, இடிஐடி. 1994-ல் வந்தது). அடிப்படை ஜாதகம் 128 பைட். ஊர், பேர், பிறந்த வருஷம், என்னென்ன வேகம் தாங்கும் எல்லாம் அதில் இருக்கும். அத்தனை பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இல்லையென்றால் ஜாதகம் தப்பு. 4கே மாதிரி ஆசாமிகளுக்குப் பின்னிணைப்புப் பக்கங்களும் உண்டு. பெட்டி இதை வாங்கிப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. லினக்ஸில் அதை நாமும் எடுத்துப் படிக்கலாம். எடுத்துப் படித்தேன். ஜாதகத்தில் 144-ஐயே காணோம்! அப்படியானால் மானிட்டரே தனக்கு 144 தெரியாது என்கிறது. அட்டைப்பெட்டியில் மட்டும் கொட்டை எழுத்தில் 144.

"ஏமாத்திட்டான் மாமா" என்றான் வாசு.

நானும் கடைக்குப் போன் போட்டுக் கத்தத் தயாராகிவிட்டேன். நிஜமாக நம்பரைக்கூடத் தட்டிவிட்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாமனார். மூக்குக்கண்ணாடி, அதற்கு மேல் பூதக்கண்ணாடி. மடியில் மானிட்டரின் கையேடு. பதினாறு பாஷையில் அச்சிட்டு யாருமே பிரிக்காத அந்தக் கற்றையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். "லைன்ல கோளாறு இல்லேன்னா ரெண்டு முனையையும் பார்க்கணும் மாப்பிள்ளை. நீங்க பெட்டி முனையையே பார்த்துட்டிருக்கீங்க. இதுல என்னமோ டிபி வெர்ஷன்னு போட்டிருக்கான், பாருங்க."

மானிட்டரின் பின்பக்கம் ஒரு குமிழ். அழுத்தினால் மெனு. உள்ளே போய், அதற்குள் போய், இன்னும் உள்ளே போனால்: டிஸ்ப்ளேபோர்ட் 1.2. பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சில மானிட்டர்களை இப்படி வைத்தே அனுப்புகிறார்கள். 1.2 என்றால் 1,728 கோடி. 144-க்கு வழியில்லை, ஆகவே ஜாதகத்திலும் அதைச் சொல்லாது. 1.4-க்கு மாற்றினேன். 2,592 கோடி. நமக்கு வேண்டியதோ 2,867. மிச்சத்துக்கு டிஎஸ்சி என்று ஒரு அமுக்கல் வித்தை. கண்ணுக்குத் தெரியாமல் படத்தைச் சுருக்கி ஏற்றிவிடும்.

திரை ஒரு தடவை இருண்டு வந்தது. பட்டியலில் 60, 120, 144.

எலியை நகர்த்தினான் வாசு. அம்புக்குறி எண்ணெயில் போட்ட மாதிரி வழுக்கியது. படம் மாற 16.7 மில்லிசெகண்ட் ஆனது போய், இப்போது 6.9. கல்யாண வீடியோவில் மண்டபத்தைச் சுற்றி வரும் ஷாட்டை ஓட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை ஓட்டினான். "நொண்டல காணோம் மாமா" என்றான். அப்புறம் பைக் படத்தை மூடி வைத்துவிட்டான்.

ஒரு சின்ன வால் மிச்சமிருந்தது. பக்கத்தில் அவனுடைய பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் மாட்டியதும் புதுசு லேசாகத் திக்கியது. பழக்க தோஷத்தில் எக்ஸ்11-ல் நுழைந்திருந்தேன். அங்கே இரண்டு மானிட்டரும் ஒரே பெரிய திரையின் துண்டுகள், பல சமயம் ஒன்றின் தாளத்துக்கு மற்றதும் ஆட வேண்டும். லாகவுட் செய்து, வேலேண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து நுழைந்தேன். அவரவர் தாளம் அவரவருக்கு. இதை மட்டும் நானே கண்டுபிடித்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கிளம்பும்போது மாமனார் தன் பழைய தகர டூல் பெட்டியைத் திறந்தார். என்னுடைய எச்டிஎம்ஐ–டிஸ்ப்ளேபோர்ட் வயரைச் சுருட்டி, ஒரு சீட்டு கட்டி, பேனாவால் 'ஒருவழி' என்று எழுதி உள்ளே வைத்தார். அந்த ஐந்து மீட்டர் வயருக்கும் ஒரு சீட்டு கட்டினார்.

அதில் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தது.