அல்வாவா, அருவாளா?

குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்களிடம் தென்காசிக்காரன் என்று சொன்னால் போதும், ‘அல்வாவா, அருவாளா?’ என்று சிரிப்பார்கள். 2019இல் நெல்லையிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தோம்; ஜோக்கும் கூடவே வந்துவிட்டது.

கோவைக்குக் குசும்பு, மதுரைக்குப் பாசம், எங்களுக்கு அருவாள். ஊருக்கொரு குணம் ஒட்டுவது வெறும் தமாஷ் என்கிறார்கள். அந்தத் தமாஷில்தான் சாதிக்கொலை ‘மண்ணின் குணம்’ ஆகிறது. கொன்றவனின் சாதித்திமிர் மறைந்துபோகிறது.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், பட்டியலினக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் சொன்ன காரணம் ஊர்க் கட்டுப்பாடு. அருவாளும் இல்லை, ஆத்திரமும் இல்லை, நிதானமாகத்தான் சொன்னார். இது எந்த மண்ணின் குணம்?

அடுத்தமுறை யாராவது அருவாள் ஜோக் அடித்தால் கேளுங்கள் தோழர்களே: யார் கையில், யார் கழுத்தில்?