மாடி போர்ஷனுக்கு எதுக்கு தனி போர்வெல்?

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வி.எம்.முக்குள்ள ஒரு லினக்ஸைப் போட்டா, ஆணி புடுங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அதை இளைக்க வைக்க உட்கார்ந்துடுவோம். அதுவும் ஏற்கனவே ஒல்லியான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை. அதைத் தூக்கு, இதைத் தூக்கு, ரீபூட் பண்ணு, ஃப்ரீ கமாண்டைத் தட்டு, எத்தனை எம்.பி. குறைஞ்சிருக்குன்னு பாரு. குறைஞ்ச நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்குக் காட்டினாதான் தூக்கமே வரும். எனக்கும் அந்த வியாதி இருந்துச்சு மக்களே, அதனால உரிமையோட திட்டுறேன் :-)

இளைக்க வைக்கிறதே தப்புன்னு சொல்ல வரலை. என் லேப்டாப்ல ரேம் 8 ஜி.பி. விண்டோஸும் பிரவுசரும் பாதிக்கு மேல முழுங்கிடும். வி.எம்.முக்கு 2 ஜி.பி. ஒதுக்குறதே பெரிய விஷயம். "ரேம் வாங்கிப் போடுப்பா"ன்னு சுலபமா சொல்லிடறாங்க. போர்டோட சேர்த்து பத்த வச்ச ரேமை நான் எங்க போய் மாத்துறது? அதனால வெட்டித்தான் ஆகணும். எதை வெட்டுறதுங்கிறதுலதான் என் சண்டை.

முதல்ல நான் பட்ட கதை. டெபியன் வி.எம். மறுநாள் காலையில டெமோ. ராத்திரி பத்து மணிக்கு, "வி.எம்.முல பாட்டா கேக்கப் போறோம்?"னு ஒலி சம்பந்தப்பட்டதை எல்லாம் பர்ஜ் பண்ணேன். கூடவே 'எக்ஸ்எஃப்சிஇ4'ங்கிற பேக்கேஜும் போகும்னு சொல்லுச்சு. சரின்னேன். அடுத்து ஆட்டோரிமூவ். நீளமா ஒரு லிஸ்ட் வந்துச்சு. படிக்காமலே ஒய் தட்டினேன். ரீபூட் பண்ணா பேனல் இல்ல, ஃபைல் மேனேஜர் இல்ல, ஒண்ணுமே இல்ல. ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைக்கலை. கோட் பத்திரமாத்தான் இருந்துச்சு, ராத்திரிதான் போச்சு.

என்ன நடந்துச்சுன்னா, அந்த பேக்கேஜ் ஒரு மெட்டா பேக்கேஜ். அதுக்குள்ள சரக்கு எதுவும் கிடையாது. கல்யாண வீட்டு சாமான் லிஸ்ட் மாதிரி, இன்னின்னது வேணும்னு எழுதி வச்சிருக்கும், அவ்வளவுதான். லிஸ்ட்ல இருக்கிற ஒண்ணை நீங்க பிடிவாதமா தூக்கினா லிஸ்டையே கிழிச்சுப் போட்டுடும். லிஸ்டை நம்பி வந்த மத்த சாமானெல்லாம் யாருக்கும் வேண்டாததுன்னு ஆயிடும். ஆட்டோரிமூவ் அதையெல்லாம் பெருக்கித் தள்ளிடும். அது பொய் சொல்லலை, நான்தான் படிக்கலை.

இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பண்ணது எவ்வளவு? சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ப்ளூடூத் சர்வீஸோ பிரிண்டர் சர்வீஸோ சில எம்.பி.க்கு மேல தேறாது. வி.எம்.முக்குள்ள ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து ரெண்டு டேப் போட்டா அத்தனை மிச்சமும் காலி.

அதுக்கப்புறம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன்: இந்த வேலையை ஹோஸ்ட் ஏற்கனவே செய்யுதா? வி.எம்.ங்கிறது வாடகைக்கு எடுத்த மாடி போர்ஷன். மோட்டார், டேங்க், கேட் பூட்டு எல்லாம் ஹவுஸ் ஓனர் பொறுப்பு. நாம தனியா போர்வெல் போட வேண்டியதில்ல. பேட்டரியை ஹோஸ்ட் பார்த்துக்கும், பவர் மேனேஜர் வேண்டாம். வி.எம். கண்ணுக்குத் தெரியறது கம்பி போட்ட நெட்வொர்க் கார்டுதான், வைஃபை சமாச்சாரமும் மோடம் மேனேஜரும் வேண்டாம். ஸ்க்ரீன்சேவர், ப்ளூடூத், பிரிண்டர் எல்லாத்துக்கும் இதே கதைதான். பிரவுசர்கூட ஹோஸ்ட்லயே இருந்துட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் பிடுங்கி எறியவும் வேண்டாம். இதுல சர்வீஸா ஓடுறதை சிஸ்டம்சிடிஎல்ல டிஸேபிள் பண்ணா போதும். டிஸ்க்ல இருக்கும், ஓடாது. வேணும்னா ஒரே வரியில திரும்ப வந்துடும். பிரிண்டருக்கான கப்ஸ் மட்டும் சாக்கெட் வழியா பின்வாசல்ல எழுந்து வரும், அதையும் சேர்த்து நிறுத்துங்க.

வேகம் நிஜமாவே எங்க கிடைக்கும்னா, கம்போசிட்டர்ல. 3டி ஆக்ஸிலரேஷன் இல்லாத வி.எம்.முல ஜன்னலோட நிழலையும் கண்ணாடி எஃபெக்டையும் சிபியுவேதான் வரைஞ்சாகணும். விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்ல போய் கம்போசிட்டர் டிக்கை எடுத்துடுங்க. பத்து பேக்கேஜைத் தூக்கினதைவிட இந்த ஒரு டிக்ல வித்தியாசம் கைக்கே தெரியும்.

அடுத்தது டிஸ்க். முழுசா இன்ஸ்டால் பண்ணிட்டு வெட்டுறதே தலைகீழ் வேலை. வெர்ச்சுவல்பாக்ஸ்ல டைனமிக்கா வளர்ற டிஸ்க் ஃபைல் வளரும், தானா சுருங்காது. உள்ளே 3 ஜி.பி. அழிச்சாலும் ஹோஸ்ட்ல அந்த 3 ஜி.பி. அப்படியேதான் உட்கார்ந்திருக்கும். காலி இடத்தை எல்லாம் சைபரால நிரப்பி, வி.எம்.மை நிறுத்திட்டு காம்பாக்ட் பண்ணாதான் இறங்கும். அதுக்குப் பேசாம டெபியன் நெட்இன்ஸ்ட்ல டெஸ்க்டாப் டிக்கை எல்லாம் எடுத்துட்டு வெறும் சிஸ்டமா போடுங்க. அப்புறம் ரெக்கமெண்ட்ஸ் வேண்டாம்னு சொல்லி எக்ஸ்எஃப்சிஇயைப் போடுங்க. என்ன குறையுதோ அதை மட்டும் ஒவ்வொண்ணா சேர்த்துக்கலாம்.

கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. கெஸ்ட் அடிஷன்ஸ் போனா கிளிப்போர்டும் திரை அளவும் போயிடும். செக்யூரிட்டி அப்டேட்டை எம்.பி. கணக்குல பார்க்காதீங்க. நேரத்தைச் சரிபண்ற சர்வீஸையும் விட்டுடுங்க. வி.எம்.மை அப்படியே சேவ் பண்ணிட்டு நாலு நாள் கழிச்சு எழுப்பினா அதோட கடிகாரம் நாலு நாள் முன்னாடியே நிக்கலாம். ஆப்ட் போய்க் கேட்டா, ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகலைன்னு சொல்லும். அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க.

ஃப்ரீ கமாண்டைப் பார்த்தே தீரணும்னா 'ஃப்ரீ' பத்தியை விட்டுட்டு 'அவைலபிள்' பத்தியைப் பாருங்க. சும்மா கிடக்கிற ரேம்ல லினக்ஸ் ஃபைல்களை கேஷ் பண்ணி வச்சிருக்கும். தேவைப்பட்டா விட்டுக்கொடுத்துடும். அதை எல்லாம் செலவுன்னு நினைச்சு அழுதா, பரண்ல அடுக்கின பாத்திரத்தைப் பார்த்து வீட்ல இடமே இல்லன்னு அழற மாதிரிதான்.

இப்ப என் வி.எம். அப்படி ஒண்ணும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டுற ஒல்லி இல்ல. ஆனா டெமோக்கு முந்தின நாள் ராத்திரி நான் நிம்மதியா தூங்குறேன்.

டிஸ்கி: டெஸ்க்டாப்பே எதுக்கு, எஸ்எஸ்எச் போதுமேன்னு கேக்கப் போற கருப்புத்திரை சங்கத்துக்காரங்களுக்கு: நீங்க சொல்றது சரிதான். ஆனா ஜன்னல் இல்லாத போர்ஷன்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க :-)