காற்றுக் கவசமும் இன்னிசையும்

வழிச்செல்வோர் பாட்டைத் துணையாகக் கொள்ளுதல் மாந்தர்க்குப் பழைய இயல்பு. வண்டியோட்டியும் படகோட்டியும் பாடிக்கொண்டே நெடுவழி கடந்தனர். இக்காலத்து அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலைகளிற் பல நூறு மைல் செல்லும் மோட்டார் சைக்கிள்களிலும் அவ்வியல்பே வேறு வடிவங் கொண்டு விளங்குகின்றது. அவ்வண்டிகளின் முன்புறத்தே, ஓட்டுவோர் மார்பிற் காற்று மோதாதபடி தடுக்குங் கூடு ஒன்று உண்டு. ஃபேரிங் என்பது அதன் பெயர். யாம் அதனைக் காற்றுக் கவசம் என்போம். அக்கவசத்தினுள், வண்டி செய்தோர் வைத்த ஸ்பீக்கரை நீக்கிப் பிறரிடம் வாங்கிய பெரிய ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் பொருத்திக்கொள்வோர் பலர். இச்செயல் தக்கதோ தகாததோ, தக்கதாயின் எவ்வளவில் தக்கது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை வீண் ஆடம்பரம் என்று இகழ்வார் ஒரு சாரார். வண்டி செய்தவர் அறியாததை வாங்கியவர் அறிவரோ என்பது அவர் வினா. இவ்வினாவிற்கு அவ்வண்டிகளின் வரலாறே விடை தருகின்றது. ஹோண்டா நிறுவனத்தார் 1975-ஆம் ஆண்டிற் கோல்ட் விங் என்னும் வண்டியை வெளியிட்டபோது அதற்குக் காற்றுக் கவசமே இல்லை. இல்லினாய் மாநிலத்துக் கிரெய்க் வெட்டர் என்பவர் செய்த விண்ட்ஜாமர் என்னுங் கவசத்தை வாங்கி வண்டிக்குரியோர் பலர் தாமே பூட்டிக்கொண்டனர். பின்னர் 1980-ஆம் ஆண்டில் வந்த இன்டர்ஸ்டேட் என்னும் வகையிலேயே ஹோண்டா நிறுவனத்தார் தாமே கவசம் அமைத்து விற்றனர். முதலிற் பிறர் செய்து காட்டியதைப் பின்னர்த் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. ஆகவே, வாங்கியவர் தம் வண்டியைத் திறந்து பார்த்தலும் திருத்துதலும் இழிவாகா. தம் கைப்பொருளின் உட்கூறு அறிந்தார் அறியாதாரினும் மேம்பட்டவரே.

மற்றொரு சாரார், ஒலி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று என்பர். எம் எதிர்ப்பு இவர்பாலது. இவர் வழக்கில் எத்துணை வாட்டு என்பதே பேச்சு. இசை எத்துணைத் தெளிவாகக் கேட்கின்றது என்பது பேச்சன்று. இவர்க்கு இசையின் முதற்பகை யாதென்பது தெரியவில்லை. அப்பகை காற்றொலியே. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஓட்டுவோரது தலைக்கவசத்தினுள் எழுங் காற்றொலி 90 டெசிபெல் அளவைக் கடந்து நிற்கும் என அளந்தறிந்தோர் கூறுவர். விரைவு மிகுந்தோறும் அது மேலும் மிகும். இப்பகையை வாட்டினால் மட்டும் வெல்லக் கருதுவோர் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். ஒலி 3 டெசிபெல் உயர வேண்டுமாயின் மின்னாற்றல் இருமடங்கு வேண்டும். 10 டெசிபெல் உயர வேண்டுமாயின் பதின்மடங்கு வேண்டும். அப்பதின்மடங்கு ஆற்றலும் செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு ஓசையாகவே தோன்றும். 20 வாட்டு 200 வாட்டாகியும் பயன் இவ்வளவே. காற்றோடு மற்போர் செய்வார் செலவிற் பெரியரேயன்றி வெற்றியிற் பெரியரல்லர்.

ஆதலின், இசை வேண்டுவோர் முதலிற் காற்றைத் தணித்தல் வேண்டும். கவசத்தின் மேலுள்ள கண்ணாடித் தடுப்பின் உயரமும் சாய்வும் ஓட்டுவோரின் உயரத்திற்குப் பொருந்தாவிடின் சுழற்காற்று நேரே தலைமீது மோதும். ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டு வகை வண்டிகளிற் கவசத்தின் நடுவே காற்றுத் துளையொன்று அமைத்தனர். தடுப்பின் பின்னே காற்று சுழன்று ஓட்டுவோர் தலையை அலைத்தலைக் குறைத்தலே அத்துளையின் நோக்கம். தடுப்பைத் தக்க அளவில் மாற்றினால் ஆம்ப்ளிஃபையருக்குச் செய்யுஞ் செலவிற் பெரும்பகுதி மிஞ்சுதலுங் கூடும்.

இரண்டாவதாக நோக்கத் தக்கது கவசத்தின் உள்ளறை. ஸ்பீக்கரின் மெல்லிய கூம்பு முன்னே தள்ளும்பொழுது முன்புறக் காற்று நெருங்கும். பின்புறக் காற்று நெகிழும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சென்று கலக்குமாயின் தாழ்ந்த சுரங்கள் அழிந்துபோம். யாழின் பத்தர் நரம்பின் ஒலியைப் பெருக்கித் தருவது. ஸ்பீக்கரின் பின்னறைக்கோ தொழில் வேறு. பின்னொலி முன்னொலியை அழிக்காமற் பிரித்து நிறுத்துதலே அதன் தலையாய வேலை. காற்றுக் கவசமோ இசைக்காகச் செய்த பெட்டியன்று. கம்பிகள் நுழையும் வழியும் பலகைகள் கூடும் இடுக்கும் அதிற் பல. ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சுப்பட்டை இட்டு அடைத்து, வேண்டாத இடுக்குகளை மூடி, நடுங்கும் பலகைகளை இறுக்கினால் முன்னிருந்த ஸ்பீக்கரே புதியதுபோல் ஒலித்தலும் உண்டு. இவ்வேலைக்குப் பொருட்செலவு சிறிது, பொறுமை பெரிது. அதனாற்போலும் பலர் இதனைச் செய்யாது கடைக்கு ஓடுகின்றனர்.

மூன்றாவதாகவே ஸ்பீக்கரின் அளவைக் கருதுக. ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஆறரை அங்குல ஸ்பீக்கரை வளையத்தோடு பொருத்துதல் பெருவழக்கு. விட்டம் ஒன்றேகால் அங்குலமே மிகினும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆதலின் அம்மாற்றத்திற்குப் பொருளுண்டு. மழையும் வெயிலும் பிறக்கும் இடத்தில் இருப்பதாதலின் கூம்பு காகிதத்தாலன்றி நீரேறாத பொருளால் ஆனதாக இருத்தல் நன்று. இரண்டு ஸ்பீக்கர்களுள் ஒன்றன் கம்பிகளை முன்பின்னாக மாற்றிப் பிணைத்தால் ஒன்று முன்னே தள்ள மற்றொன்று பின்னே இழுக்கும், தாழ்சுரம் மறைந்துபோம். நான்கு ஓம் தடையுள்ள இரண்டைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தால் மொத்தத் தடை இரண்டு ஓம் ஆகும். அதனைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையரோ என்று முன்னரே பார்த்தல் கடன்.

இனி, உயிரோடு தொடர்புடையன சில. ஹார்லி வண்டிகளிற் பாட்டரி இருக்கையின் கீழ் உள்ளது. ஆம்ப்ளிஃபையரோ முன்னே கவசத்தில். பன்னிரண்டு வோல்ட்டு மின்னழுத்தத்தில் 360 வாட்டு வேண்டின் 30 ஆம்பியர் மின்னோட்டம் அக்கம்பியில் ஓட வேண்டும். மெல்லிய கம்பியாயின் சூடேறும். உறை தேய்ந்து இரும்பைத் தொடுமாயின் தீப்பற்றும். ஆகவே, கம்பி தக்க பருமனுடையதாயிருத்தலும், பாட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் வைத்தலும் இன்றியமையாதன. 1969-ஆம் ஆண்டு முதல் எலக்ட்ரா கிளைடு வண்டிகளில் அமைந்த வௌவாற் சிறகு போன்ற கவசம் முன்சக்கரத்தின் கவையோடு இணைந்து கைப்பிடி திரும்புந்தோறுந் தானுந் திரும்புவது. 1998-ஆம் ஆண்டில் வந்த ரோடு கிளைடு வண்டியின் கவசமோ உடற்சட்டத்தில் நிலைபெற்றது. முன்னதில் ஏற்றும் ஒவ்வொரு பாரமும் கைப்பிடியின் மேல் ஏற்றும் பாரமே. அதிற் செல்லுங் கம்பிகள் நாள்தோறும் பலமுறை வளைந்து நிமிர்வன. கைப்பிடியை இடக்கோடியினின்றும் வலக்கோடி வரை திருப்பிக் கம்பி எங்கும் இழுபடாமையும் நசுங்காமையும் கண்ட பின்னரே கவசத்தை மூடுதல் வேண்டும். இதனைக் காணாது மூடுவோர் இசைக்காக உயிரைப் பணயம் வைப்போராவர்.

இவையெல்லாம் செய்தபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. எவ்வளவு ஒலி போதும்? அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறைப்படி 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரமே தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் காலம் பாதியாகக் குறையும். 94 டெசிபெலுக்கு ஒரு மணி; 100 டெசிபெலுக்குக் கால் மணியே. காற்றொலியை மேற்கொள்ளுமாறு இசையை முடுக்குவோர் நாள் முழுதும் செல்லும் பயணத்தில் இவ்வெல்லையை எத்தனை மடங்கு கடப்பர் என்பதை அவரே கணக்கிடுக. சட்டம் இடந்தருமிடத்துச் செவியடைப்பானை அணிதல் நன்று. அது காற்றையும் இசையையும் ஒப்பவே தணிப்பதால் இசையின் தெளிவு கெடுவதில்லை, செவியோ காக்கப்படும்.

செவிக்குள் வைக்குங் கருவியிருக்கக் கவசத்தில் ஸ்பீக்கர் எதற்கு என்பாரும் உளர். அவ்வாறு வினவுதல் நேரியதே. ஆயின், கலிபோர்னியா மாநிலத்துச் சட்டம் வண்டி செலுத்துவோர் இரு செவிகளையும் இசைக்கருவியால் மூடுதலை விலக்குகின்றது. பின்வரும் வண்டியின் ஓசையும் நோயாளியைக் கொண்டுசெல்லும் வண்டியின் ஊதலும் செவியில் விழுதல் வேண்டுமன்றோ? கவசத்து ஸ்பீக்கர் செவியை மூடாது பாடுவது. அதன் சிறப்பும் இதுவே. அச்சிறப்பை மிகையொலியாற் கெடுப்பவர் தம் வாதத்தைத் தாமே வெட்டுகின்றார். மேலும், அதே மாநிலத்தின் மற்றொரு சட்டம், நெடுஞ்சாலையிற் செல்லும் வண்டியின் இசை வெளியே 50 அடித் தொலைவிலோ அதற்கப்பாலோ கேட்குமாறு முழங்குதலைத் தடுக்கின்றது. இதனை உரிமைக்கு இடையூறு என்று சிலர் குறைகூறுவர். யாம் அவ்வாறு கருதோம். காற்றுக் கவசம் காற்றைத் தடுக்குமேயன்றி ஒலியை எல்லையிட்டு நிறுத்தாது. ஒருவர் விரும்பிய பாட்டு, விரும்பாத பலர் வீட்டுச் சாளரத்தில் நுழைகின்றது. உறங்கும் குழந்தையும் நோயுற்ற முதியோரும் அப்பாட்டைத் தேர்ந்தவரல்லர். பிறர் அமைதியைப் பறித்துத் துய்க்கும் இன்பம் இன்பமெனப்படுமோ?

ஓரேப் மலையிலே எலியா தீர்க்கதரிசி பெருங்காற்றையும் நிலநடுக்கத்தையும் நெருப்பையும் கண்டார். இறைவன் அவற்றில் இலர். அவற்றின் பின் வந்த மென்குரலிலேயே அவர் தம்மைப் புலப்படுத்தினார். மறைநூலின் அவ்வரலாறு ஸ்பீக்கர் பொருத்துவோர்க்காக எழுதப்பட்டதன்று. எனினும், மிகுந்த ஒலியே மேலான ஒலி என்று மயங்கும் எவர்க்கும் அஃது ஒரு பாடமாகும்.

ஆகவே எம் முடிபு இது. காற்றுக் கவசத்துள் இசைக்கருவி பொருத்துதல் குற்றமன்று. கருத்தோடு செய்தால் அஃது ஒரு நற்கலையே. முதலிற் காற்றைத் தணிக்க. பின்னர் அறையை அடைக்க. பின்னர் ஸ்பீக்கரைத் தேர்க. யாவற்றின் பின்னரும் குறையிருப்பின் அளவறிந்து ஆற்றலைக் கூட்டுக. இம்முறையைத் தலைகீழாக்கி வாட்டிலிருந்து தொடங்குவோர் பொருளை இழப்பர்; செவியை இழப்பர்; அயலார் அன்பையும் இழப்பர். வண்டியில் ஏறுவோர் தம் செவிக்குப் போதிய இசையோடு செல்க. வழியில் வாழ்வோர்க்கு அவர்தம் அமைதியை விட்டுச் செல்க.