இருட்டிலே ஒரு கடை

கோயமுத்தூரிலிருந்து மைசூர் செல்லும் பிரயாணிகள், திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவதற்கு முன்னால், சத்தியமங்கலத்தில் சற்று இளைப்பாறுவது வழக்கம். பவானி நதி பாய்ந்து வளப்படுத்தும் ஊர். மல்லிகையும் முல்லையும் மணக்கும் ஊர். அங்கே மரச்செக்கு எண்ணெயும் மஞ்சள் தூளும் விற்கும் ஒரு சிறு கடையில் சமீபத்தில் நாம் அரை மணி நேரம் தங்க நேர்ந்தது.

கடைக்காரர் இளைஞர், படித்தவர். நாம் எழுதுகிறவர்கள் என்று தெரிந்ததும் கைப்பேசியை நீட்டி, "ஏனுங்க, எங்க இணையதளத்தைக் கொஞ்சம் பாருங்க. ஆறு மாசமாச்சுங்க, ஒருத்தரும் எட்டிப் பார்க்கலீங்க" என்றார். பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அவருடைய தாயார், "அந்தப் பணத்துக்கு ஒரு எருமைக் கன்னு வாங்கிக் கட்டியிருந்தா இந்நேரம் வளந்திருக்குமுங்க" என்றார்.

நாம் பார்த்தோம். யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டே விருந்துண்ணும் படம் ஒன்று முகப்பில் இருந்தது. அதன் கீழே தரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள். சத்தியமங்கலம் என்ற பெயர் இல்லை. செக்கின் படம் இல்லை. எண்ணெயின் விலை இல்லை. தபால் செலவு எவ்வளவு என்பதும் இல்லை. எதிரே கம்மென்று மணம் வீசும் எண்ணெய் இருக்க, தளத்தில் அதன் வாசனைகூட இல்லை!

இதில் அந்த இளைஞரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989-இல் வகுத்த வலைத் திட்டம், 1993-இல் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அன்றுமுதல் அங்கே யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே கடைகள் உண்டு, கடைத்தெரு கிடையாது. பஸ் நிலையத்துக்குப் போகிறவர் தற்செயலாகத் திரும்பிப் பார்ப்பதற்கு அங்கே வழியில்லை. ஒவ்வொருவரையும் நாமே கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும்.

எப்படி அழைப்பது? முதல் வேலை தளத்துக்குள்ளேயே இருக்கிறது. தேடுபொறி என்னும் இயந்திரம் சொற்களைக் கொண்டுதான் பக்கங்களை அடையாளம் காண்கிறது. "சத்தியமங்கலம் மரச்செக்குக் கடலை எண்ணெய்" என்று தேடுகிறவருக்கு, அந்தச் சொற்களே இல்லாத பக்கத்தை அது எவ்வாறு காட்டும்? ஆகையால் ஊர், பொருள், அளவு, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதவேண்டும். சொந்தச் செக்கைச் சொந்தக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடவேண்டும். கூகிள் நிறுவனத்தின் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் காசு கேட்பதில்லை. அதையும் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது வேலை வீதியில் இருக்கிறது. இதற்கு நம் கொங்கு நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1920-களில் கதர் இயக்கம் தலையெடுத்தபோது, ஆலைத் துணியைவிட முரடாயும் விலை அதிகமாயும் இருந்த கதரை யார் வாங்குவார்கள் என்று பலர் நகைத்தார்கள். ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி அவர்கள் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, நூற்பவர் நெய்பவர் நடுவிலேயே குடியிருந்தார். அதே வருஷத்தில் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் நடந்தது. கதர் வீடுகளுக்குள் நுழைந்தது சுவரொட்டியின் பலத்தால் மட்டும் அன்று. கொண்டுவந்தவரின் முகத்தை நம்பி ஜனங்கள் வாங்கினார்கள்.

இன்றைக்கும் அந்த நியாயம் மாறவில்லை. எண்ணெய்த் தகரத்தில், துணிப் பையில், ரசீதில், கடைப் பலகையில் தளத்தின் விலாசம் இருக்கவேண்டும். அது வாயால் ஒரு முறை சொன்னால் காதால் பிடித்துக்கொள்ளக்கூடிய பெயராய் இருக்கவேண்டும். "இந்தியா" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் விலாசங்கள்கூட இப்போது பதிவு செய்யக் கிடைக்கின்றன. பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு லட்சக்கணக்கில் வரும் ஜனங்களில் நூறு பேருக்கு ஒரு சிறு புட்டி எண்ணெயை விலாசச் சீட்டுடன் கொடுத்தால், அது ஆயிரம் மின்னஞ்சலைவிட மேலானது. வாங்கியவரிடம் அநுமதி பெற்று மாதம் ஒரு முறை செய்தி அனுப்பலாம். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் வந்த வாடிக்கையும் போய்விடும்.

முகநூலில் ஒரு பக்கம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அது பிறர் வீட்டுத் திண்ணை. உட்காரலாம், ஆனால் வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவேண்டும். பெரிய விற்பனைத் தளங்களோ கமிஷன் வாங்கிக்கொள்வதுடன் வாடிக்கைக்காரரையும் தங்களுடையவராக்கிக் கொள்கின்றன. இந்த நிலையை மாற்றும் எண்ணத்துடன் 2022-இல் மத்திய சர்க்காரின் ஆதரவில் திறந்த மின்வணிக வலைப்பின்னல் சோதனையாகத் தொடங்கப்பட்டது. அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து நகரங்களில் கோயமுத்தூரும் ஒன்று. சிறு வியாபாரிகள் இதையெல்லாம் உபயோகிக்கட்டும். ஆனால் சொந்த விலாசத்தைக் கைவிட வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலாக ஒன்று உண்டு. காசு கொடுத்தால் நூறு பேர் பெயரில் பொய்ப் புகழ்ச்சி எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஜனங்களை ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "ஈரோடு மஞ்சள்" என்ற பெயர் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறெங்கோ விளைந்த மஞ்சளுக்கு அப்பெயரைச் சூட்டுவதும் குற்றமே. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஊரின் நல்ல பெயர் கெடுவது. ஒருவர் செய்யும் கலப்படத்துக்கு உழுதவர், செக்காட்டியவர் எல்லோருமே விலை கொடுக்க நேரிடும்.

வாங்கும் குடும்பங்களுக்கும் இதில் கடமை இல்லாமல் இல்லை. நல்ல பொருள் கிடைத்தால் தளத்தில் இரண்டு வரி உண்மையாக எழுதுங்கள். அடுத்த வீட்டாரிடம் சொல்லுங்கள். குறை இருந்தால் கடைக்காரருக்கே முதலில் தெரிவியுங்கள். சுதேசியம் என்பது கொடியேற்றும் தினத்தோடு முடிந்துவிடுவதன்று. அடுப்பங்கரை எண்ணெயிலும் அது இருக்கிறது.

நாம் விடைபெறும்போது இளைஞர் வெள்ளைக்காரக் குடும்பத்தின் படத்தை எடுத்துவிட்டிருந்தார். "அதுக்குப் பதிலா எந்தப் படம் போடறதுங்க?" என்று கேட்டார். நாம் அவருடைய தாயாரைச் சுட்டிக்காட்டினோம். அம்மாள் வெட்கத்துடன் தலையை ஆட்டி மறுத்தார். ஆனாலும், கையிலிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டதை நாம் கவனித்தோம்.