துருப் பிடிச்சா தூக்கிப் போடணுமா?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. ஆயாவின் அரிவாள்மனையைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட அம்மா எடுத்து வைத்துவிட்டார். "எலுமிச்சம்பழம் நறுக்கினா கருத்துப் போவுது, ஒரு ராத்திரி ஈரமா விட்டா துரு ஏறுது, எதுக்கு இது?" என்பது அம்மா கட்சி. ஆயா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. நான் ஆயா கட்சி. ஏன் என்று எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லுங்கள்.

அம்மா வாங்கியது எவர்சில்வர் கத்தி. பளபளன்னு இருக்கும். முதல் வாரம் நன்றாகத்தான் நறுக்கியது. இப்போது தக்காளியை நசுக்குகிறது. அழுத்தி வெட்டப் போய், வழுக்கி அம்மா விரலிலேயே பட்டுவிட்டது. கூரான கத்தியை விட மொக்கைக் கத்திக்குத்தான் பயப்பட வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நம்ம பல்லாவரம் சந்தையில் அரிவாள் விற்கிற கொல்லர் தாத்தாவிடம் கேட்டேன். (இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் கண்ட பழைய கற்காலக் கருவி அது. வெட்டுகிற சாமானுக்கும் நம் ஊருக்கும் அவ்வளவு பழைய உறவு!) தாத்தா சொன்னார்: "லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிக்கிறோம் பாப்பா. அடிக்கிறது பெரிசில்ல, தோய்ச்சல்தான் பெரிசு." பழுக்கக் காய்ச்சியதைச் சட்டென்று முக்குவதுதான் தோய்ச்சல். அதில் இரும்பு கெட்டியாகிறது. ரொம்பக் கெட்டியானால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்களாம்.

இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு. கூர் நிற்பது அந்தக் கார்பனாலும் தோய்ச்சலாலும். எவர்சில்வரில் குரோமியம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கும், அதனால் துரு ஏறாது. ஆனால் துரு ஏறாதது வேறு, கூர் நிற்பது வேறு. நல்ல எவர்சில்வர் கத்தியே இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கள் வீட்டு விலைக்கு வராது.

எங்கள் மாமா ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே தலைமைச் சமையல்காரர் ஜப்பான் கத்தி ஒன்று வைத்திருக்கிறாராம், விலை ஆயிரக்கணக்கில். யாரையும் தொட விடமாட்டாராம். அதுவும் துருப் பிடிக்கும்! ஜப்பானில் சக்காய் என்ற ஊர் கைவேலைக் கத்திக்குப் பேர் போனது. வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்று இரண்டு வகை அங்கே பிரபலம். சுற்றி வருகிற காகிதத்தின் நிறத்தால் வந்த பெயர். இரண்டிலும் கார்பன் அதிகம். வெட்டியதும் துடைக்க வேண்டும், கல்லில் தீட்ட வேண்டும். அவர்கள் அதைப் பெருமையாகச் செய்கிறார்கள். நாம் அதையே "தொல்லை"ங்கிறோம்.

எஃகு நமக்குப் புதுசும் இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 2000 வருடத்துக்கு முந்தைய இரும்பு வேலை உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மண் மூசையில் இரும்பை அடைத்து உருக்கிய நம் எஃகை வெள்ளைக்காரர்கள் வூட்ஸ் என்றார்கள். மின்சாரப் பாடத்தில் வருகிற ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து அதை ஆராய்ந்திருக்கிறார். 1820-இல் இருவரும் கட்டுரையே எழுதினார்கள். அங்கே அதை ஆராய்ச்சி செய்தார்கள், இங்கே நாம் கிலோ கணக்கில் போடுகிறோம்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கு. காலையில் வேலைக்கு ஓடுகிறவருக்குத் துடைத்து வைக்க ஏது நேரம்? அதனால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சாணைக்காரர் தெருவுக்கு வந்தபோது தீட்டியும் கொடுத்தார்.

அரிவாள்மனை இப்போது அடுப்படியில்தான் இருக்கிறது. காய்க்கு அம்மா இன்னும் எவர்சில்வர் கத்தியைத்தான் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் மட்டும், "ஆயாவோடதை எடுத்துட்டு வா" என்கிறார்.

- 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி